பக்கத்துக் காம்பராவின் குரல்

காலையில் ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் ஜீவராணி எப்போதும் சாரதிக்குப் பின்னால் இருக்கும் ஆசனத்தைத்தான் பிடிப்பாள். உட்கார்ந்ததும் கண் ரோட்டுக்குப் போய்விடும். எந்த வளைவில் கியரைக் குறைக்கிறார், எதிரே லொறி வந்தால் எவ்வளவு ஒதுக்குகிறார், மண் சரிந்த இடத்தில் எப்படி ஊர்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பஸ் ஓட்டவேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே உள்ள ஆசை. தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்று யாரும் அவளைத் தடுத்ததில்லை. யாரிடமாவது சொன்னால்தானே தடுப்பார்கள்?

டவுனில் இன்சாப்பின் கொமியுனிகேஷன் கடையில் அவளுக்கு வேலை. போட்டோகொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, பிள்ளைகளின் பாடசாலை ஒப்படைகளை டைப் செய்து கொடுப்பது. ஆள் வராத நேரத்தில் கடைக் கம்பியூட்டரில் பஸ் ஓட்டும் கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தவளை ஒருநாள் இன்சாப் பின்னால் நின்று பார்த்துவிட்டார். ஏச்சு விழப்போகிறது என்று பயந்து எழுந்தாள். அவரோ, "இருங்க தங்கச்சி, அந்த வளைவ மட்டும் எடுத்துட்டு எழும்புங்க" என்றார்.

அந்தக் கேமுக்கு யாரோ ஒரு கெட்டிக்காரன் இறம்பொடை ரோட்டையே வரைந்து போட்டிருந்தான். நீர்வீழ்ச்சி, அனுமார் கோயிலுக்கு ஏறும் பாதை, மரக்கறிக் கடைகள் எல்லாம் இருந்தன. ஜீவராணி அதில் பஸ்ஸை ஓட்டிக்கொண்டே கண்டக்டர் மாதிரியும் பேசுவாள். "கோயிலடி எறங்குறவங்க முன்னுக்கு வாங்க! அண்ணே, பேக்க மடியில வச்சுக்கிங்க!" இதைப் பதிவு செய்து போடு என்று சொன்னதே இன்சாப்தான்.

முதலில் போனில் ஆடி, போனிலேயே பதிந்தாள். மலை ஏறி முடிவதற்குள் போன் தோசைக்கல்லாகக் கொதித்தது. பிறகு கடைக்குத் திருத்த வந்து உரிமைகோர ஆளில்லாமல் கிடந்த ஒரு பழைய கம்பியூட்டரை வாங்கி வந்து, அதற்குள் வேண்டியதை ஒவ்வொன்றாகப் போட்டாள். கேம் ஓடினால் பதிவு திக்கியது, பதிவு ஓடினால் கேம் திக்கியது. படத்தின் தரத்தைக் குறைத்தால், ரோட்டோரப் பெயர்ப் பலகைகளை வாசிக்க முடியவில்லை என்று பார்ப்பவர்கள் குறைப்பட்டார்கள். கூட்டினால் சிக்னல் தாங்கவில்லை. ரவுட்டரைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துக் கூரைக்கு மேல் தண்ணீர்ப் பைப் ஒன்றில் கட்டிய பிறகுதான் நேரலை ஓரளவு நின்றது.

கரண்ட் இன்னொரு தொல்லை. தோட்ட வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொதிக்கக் கேத்தல் போட்டால் வெளிச்சம் மங்கிக் கம்பியூட்டர் அணைந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை நேரலை தொடங்கும் முன் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று சத்தம் கொடுப்பாள்: "நான் பஸ் எடுக்கப்போறேன், கொஞ்ச நேரம் கேத்தல் போடாதீங்க!" லயமே சிரிக்கும். "எங்கள ஏத்தாம போறியே புள்ள" என்பார்கள். ஆனால் கேத்தலை யாரும் தொடமாட்டார்கள்.

கடைசிவரை தீராத பிரச்சினை சத்தம்தான். லயத்தில் ஒரு வீட்டுக் காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுவர் உண்டு. ஆனால் அது கூரைவரை போகாது. மேலே தகரக் கூரை எல்லோருக்கும் ஒன்றே. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். ஜீவராணி முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிப் பார்த்தாள், சாக்கைக் கட்டிப் பார்த்தாள். பதிவு செய்யும் மென்பொருளில் வெளிச்சத்தத்தை வடிகட்டும் வசதி இருந்தது. அதைப் போட்டால் அவள் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஆனது. அதற்குள் பார்ப்பவர்கள் மாற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். கட்டாரிலும் குவைத்திலும் கொழும்புக் கடைகளிலும் வேலை செய்யும் மலையகத்து ஆட்கள் அவர்கள். அதில் 'மலைக்காத்து' என்ற பெயரில் வருகிறவர் தவறாமல் முதல் ஆளாக வந்துவிடுவார். "அக்கா, மழை சத்தத்த எடுத்துறாதீங்க. வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கு" என்று அவர் எழுதியதும் இன்னும் பலர் ஆமாம் போட்டார்கள். ஜீவராணி வடிகட்டியை நிறுத்திவிட்டாள்.

பிறகு இன்சாப் கொழும்பிலிருந்து புது மைக் ஒன்றைத் தருவித்துக் கொடுத்தார். "இது ஒங்கட மூச்சையும் புடிக்கும். கொஞ்சம் கவனம்" என்றார். அவள் அந்தச் சந்தோஷத்தில் தலையை மட்டும் ஆட்டினாள்.

பக்கத்துக் காம்பராவில் இருந்தவள் பிரியந்தி. இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். பிரியந்தியின் புருஷன் கிஷாந்த் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். மகள் அபிஷா கைக்குழந்தையாக இருந்தபோது போனவன், அந்த வருஷக் கடைசியோடு ஒரேயடியாக வந்துவிடுவதாக இருந்தான். லயத்தில் பார்க்கிறவர்களெல்லாம் பிரியந்தியிடம் அதைப் பற்றியே கேட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நல்ல மழை. பிரியந்தியைப் பார்க்கக் கந்தப்பளையிலிருந்து அவள் தங்கை தனுஷிகா வந்திருந்தாள். ஜீவராணி காதை மூடும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு பஸ்ஸை எடுத்தாள். காதுக்குள் எஞ்சின் உறுமல் மட்டும்தான். தகரத்தில் மழை அடித்ததால் அடுத்த வீட்டில் அக்காளும் தங்கையும் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. இறம்பொடை வளைவில் ஜீவராணி திரும்பிக்கொண்டிருந்தபோது வெளியே மழை சட்டென்று விட்டது. பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் மட்டும் குறையவில்லை.

நேரலையில் கருத்துகள் மளமளவென்று விழுந்தன. கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு எண்ணெய்ப் பவுசர். அவள் கண் அங்கே இருந்தது. "கோயிலடி, கோயிலடி!" என்று கூவி முடித்து, பஸ்ஸை நிறுத்திவிட்டுத்தான் போனைப் பார்த்தாள்.

"அக்கா யாரோ பேசுறாங்க."

"அக்கா மைக்க ஓஃப் பண்ணுங்க."

"ஐயோ பாவம், யாருக்கா அது?"

ரேடியோவாக இருக்கும் என்று நினைத்தபடி நேரலையை முடித்துவிட்டு, பதிவைப் பின்னால் ஓட்டிக் கேட்டாள். முதலில் மழை இரைச்சல். பிறகு அது ஓய்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பிரியந்தியின் குரல் வந்தது.

"எல்லாரும் சந்தோசமான்னு கேக்குறாங்க, நானும் ஆமான்னு தலையாட்டுறேன். அவரு வர்றாருன்னு நெனச்சாலே எனக்கு வயித்துக்குள்ள கல்லப் போட்ட மாதிரி இருக்குடி. அவரு இல்லாத இந்த வருசங்கதான் நான் நெனச்ச எடத்துக்குப் போய் நெனச்ச நேரத்துக்கு வந்தேன். அப்பிடியே அங்கேயே இருந்துட்டாக்கூடத் தேவலன்னு தோணுது. நான் கெட்ட பொம்பளையா தனு?"

"மெதுவாப் பேசுக்கா. யாருக்காச்சும் கேக்கப்போவுது."

"இந்த மழையில யாருக்குடி கேக்கும்?"

ஜீவராணி ஹெட்போனைக் கழற்றினாள். பதிவை அழிக்கக் கையை வைத்தபோது போன் அடித்தது. கட்டார் நம்பர்.

"தங்கச்சி, கிஷாந்த் பேசுறேன்."

"சொல்லுங்கண்ணே."

"அந்த வீடியோவ எடுத்துரு."

"எடுத்துக்கிட்டேதான் இருக்கேண்ணே. நீங்க… நீங்களும் பாத்தீங்களா?"

"மலைக்காத்து நான்தான்" என்றான்.

அவனே தொடர்ந்தான்.

"போன்ல கூப்பிட்டா அபிஷா ரெண்டு வார்த்த பேசிட்டு ஓடிருவா. ஒன்னோட லைவ்ல அவ பாட்டுக்கு வெளையாடிக்கிட்டு இருக்கிறது கேக்கும். ஒருக்கா ஏ பி சி பாடுனா. கோழிய வெரட்டுனா. அதுக்குத்தான் வந்தேன் தங்கச்சி. ஒட்டுக் கேக்க வரல."

"தெரியாம நடந்திருச்சிண்ணே. பிரியந்திக்கிட்ட நான் இப்பவே போய்ச் சொல்றேன்."

"வேணாம்!" என்றான் அவசரமாக. "நான் கேட்டேன்னு அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அதுக்கப்பறம் அவ எங்கிட்ட எப்பிடிப் பேசுவா? நான் கேக்காத மாதிரியே இருந்துக்கிறேன். நீயும் அப்பிடியே இரு."

பிறகு குரல் தாழ்ந்து கேட்டான். "நான் அவள ஒருநாளும் கை நீட்டி அடிச்சதில்ல. பக்கத்துலயே இருந்தவ நீ. ஒனக்குத் தெரியுந்தானே?"

தெரியும். அவன் அடித்ததில்லை. ஆனால் சுவருக்கு மேலால் வேறு பலவும் அவள் காதில் விழுந்திருந்தன. பீலிக்குத் தண்ணிக்குப் போய்வர இவ்வளவு நேரமா, யாரோடு சிரித்தாய், போனை இங்கே கொடு. பதில் சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். ஒரு தீபாவளிக்கு அவள் உடுத்திய சேலையைப் பற்றிக் காலையிலிருந்து மாலைவரை கேட்டுக்கொண்டே இருந்தான். பிரியந்தி கடைசியில் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அதையெல்லாம் இப்போது போனில் எப்படிச் சொல்வது? அந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவன் அழுகிறானா என்றுகூட அவளுக்கு விளங்கவில்லை.

"அடிச்சதில்லண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

வீடியோவை அழித்தாள். அழித்துவிட்டால் முடிந்தது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு உடம்பு சரியில்லை என்று சொல்லி நேரலை போடவில்லை.

பிரியந்தி வழக்கம்போல் வந்து போனாள். ஒருநாள் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து, அடுப்பங்கரையில் ஜீவராணியின் அம்மா அம்மாக்கண்ணுவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"அவரு போன்ல ஒரு மாதிரியா இருக்காரு. கேட்டா வேல கூடங்கிறாரு. ஒவ்வொரு வார்த்தைக்கும் யோசிச்சு யோசிச்சுப் பேசுறாரு ஜீவா. இப்பிடி அவரு பேசுனதே இல்ல."

ஜீவராணி கிழங்கை வாயில் வைத்தபடி, "களைப்பா இருக்கும்" என்றாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். கிஷாந்தின் கெஞ்சல் நினைவுக்கு வந்தது. யாருக்கு வாக்குக் கொடுத்தோம், யாருக்குத் துரோகம் செய்கிறோம் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு பிரியந்தியின் காலடிச் சத்தம் கேட்டாலே ஏதாவது வேலையைச் சாக்காக வைத்துப் பின்பக்கம் போனாள்.

வீடியோவை அவள் அழிக்கும் முன்பே யாரோ அந்தத் துண்டை மட்டும் தங்கள் போனில் பிடித்து வைத்திருந்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவரவில்லை. அது தோட்டத்து ஆட்களின் வாட்சப் குழுவுக்குள் வந்து சேர்ந்தது. கீழே ஒருவர், "இது நம்ம மேல் லயத்து ஆள் குரல் மாதிரி இல்ல?" என்று எழுதியிருந்தார். வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் காலையில் கொழுந்துக்காரிகள் கூடும்போது அதுவே பேச்சாகிவிட்டது. அம்மாக்கண்ணு மலையிலிருந்து திரும்பி வந்து கூடையை இறக்கும்போதே, "என்னாடி செஞ்சு வச்சிருக்க?" என்று மகளைக் கேட்டாள்.

அன்று மாலை கிஷாந்தின் தாய் பேச்சியம்மா கீழேயுள்ள பணிய லயத்திலிருந்து ஏறி வந்து பிரியந்தியின் இஸ்தோப்பில் நின்றாள்.

"எம்புள்ள வெயில்ல காஞ்சு கருவாடாகி காசு அனுப்புறான், இவளுக்கு அவன் வராமலே இருக்கணுமாம்! கேட்டீங்களா சனங்களே!"

பிரியந்தி உள்ளேயிருந்து வரவில்லை. அபிஷா மட்டும் வாசலில் வந்து பாட்டியைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே ஓடினாள். அக்கம்பக்கத்தார் வெளியே வந்தார்கள். பேச்சியம்மாவைத் தடுக்கவும் இல்லை, சேர்ந்து பேசவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

பேச்சியம்மா போன பிறகு பிரியந்தி ஜீவராணியின் வீட்டுக்கு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். மூலையில் துணி போட்டு மூடியிருந்த கம்பியூட்டரையும், கம்பிக் கையில் தொங்கிய மைக்கையும் பார்த்தாள்.

"இதுலதானா?"

"தெரியாம நடந்திருச்சி பிரியா. சத்தியமாத் தெரியாம. கேட்ட ஒடனே அழிச்சிட்டேன்."

"கேட்ட ஒடனேன்னா எப்ப?"

ஜீவராணி தலையைக் குனிந்தாள். "அன்னைக்கே."

"அவருக்கு எப்ப தெரியும்?"

"அவருக்கும் அன்னைக்கேதான். அவரு அந்த நேரம் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. பொழுதன்னைக்கும் வந்து பாக்கிறவராம். அபிஷா சத்தம் கேக்குறதுக்காக. எனக்கு அது அவருன்னு தெரியாது. ஒங்கிட்ட சொல்லவேணாம்னு கெஞ்சுனாரு, நான்…"

பிரியந்தி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப இத்தன நாளா நான் போன்ல சிரிச்சுப் பேசுனதெல்லாம் அவரு தெரிஞ்சே கேட்டுக்கிட்டு இருந்தாரு. நான் கெழங்கு கொண்டாந்து குடுத்தப்ப நீயும் தெரிஞ்சே தின்ன."

"பிரியா…"

"அங்க போயும் என் வீட்டுக்குள்ள காது வச்சிருந்தாரு பாரு" என்றாள் மெதுவாக. "மைக்கு தெரியாம நடந்தது. அத நான் நம்புறேன். மத்தது தெரியாம நடக்கலயே ஜீவா."

அம்மாக்கண்ணு ஏதோ சமாதானம் சொல்ல வந்தாள். பிரியந்தி எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு அந்தக் காம்பராவிலிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. அபிஷாவைக்கூடச் சத்தம் போடவிடாமல் வைத்திருந்தாள் போலும்.

கிஷாந்த் வரவில்லை. வேலையை இன்னும் கொஞ்சக் காலத்துக்கு நீட்டி எழுதிக்கொடுத்துவிட்டதாகத் தாயிடம் மட்டும் போன் போட்டுச் சொன்னான். பெண்டாட்டிமீது ஒரு குறையும் சொல்லவில்லை, அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் அவன் சொல்லாததையெல்லாம் தோட்டம் சொல்லிக்கொண்டது. புருஷனைத் துரத்திவிட்டவள் என்று பிரியந்திக்குப் பெயர் வந்தது. தண்ணீர்ப் பீலியடிக்கு அவள் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கந்தப்பளையில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். போகிற அன்று அம்மாக்கண்ணுவிடம் சாவியைக் கொடுத்து மாமியிடம் சேர்க்கச் சொன்னாளாம். ஜீவராணி கடையிலிருந்து வந்தபோது பக்கத்துக் கதவில் பூட்டுத் தொங்கியது.

ஜீவராணி கம்பியூட்டரைத் தொடவில்லை. கருத்துகளில் "அக்கா எங்க போனீங்க, பஸ் வரலயா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சிலர் அந்தக் குரலைப் பற்றியும் எழுதினார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. பிரியந்தி பக்கம் பேசியவர்களும் உண்டு. "எங்க வீட்டுலயும் என்னப் பத்தி இப்பிடித்தான் பேசுவாங்களோன்னு பயமா இருக்கு" என்று குவைத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்ததை அவள் பலமுறை வாசித்தாள். மலைக்காத்து என்ற பெயர் அதற்குப் பிறகு எங்கும் வரவில்லை.

கடையில் அவள் தவறான பக்கத்தைக் கொப்பி எடுத்து எடுத்துக் குப்பையாக்குவதைப் பார்த்து இன்சாப் ஒருநாள், "மைக்கத் தந்தவன் நான். எனக்கும் இதுல பங்கிருக்கு தங்கச்சி" என்றார். "கடையில பின்னறை சும்மாதான் கெடக்கு. ஞாயித்துக்கிழம வந்து அங்க வச்சுச் செய்ங்க. அங்க பக்கத்துல குடியிருக்கிறவங்க யாரும் இல்ல."

அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பல வாரம் கழித்து பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் கந்தப்பளைக்குப் பஸ் ஏறினாள்.

பிரியந்தி மரக்கறித் தோட்டம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டியருகே முழங்காலளவு நனைந்தபடி கேரட் கழுவிக்கொண்டிருந்தவள், ஜீவராணியைக் கண்டதும் நிமிர்ந்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கை மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தது. ஜீவராணி செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் ஒரு கூடையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"அபிஷா?"

"பள்ளியில போட்டிருக்கேன். இன்னைக்கு லீவு, தனு புள்ளைங்களோட நிக்கிறா."

"அண்ணன் பேசுறாரா?"

"மகக்கிட்ட பேசுவாரு. எங்கிட்ட போனக் குடுக்கச் சொல்றதில்ல." கேரட்டைத் தேய்த்துத் தேய்த்து அதன் தோலே போய்விட்டது. "எனக்கு அது கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன். இல்ல ஜீவா. நல்லாத் தூங்குறேன். அதான் எனக்கே பயமா இருக்கு. அவரு நல்லவருதான்னு எல்லாரும் சொல்றாங்க, அபிஷாவும் அப்பா அப்பாங்கிறா. நான் மட்டும் ஏன் இப்பிடி?"

ஜீவராணி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "அந்தத் தீபாவளி சேல விசயம் எனக்குத் தெரியும். இன்னும் நெறைய தெரியும். அடிச்சேனான்னு அவரு எங்கிட்ட கேட்டப்ப, இல்லன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுட்டேன். மத்ததையும் சொல்லியிருக்கணும்."

பிரியந்தியின் கை நின்றது.

"இத எங்கிட்ட அப்பவே சொல்லியிருந்தா நான் தனியா இருக்கிறதா நெனச்சிருக்கமாட்டேன்" என்றாள். கோபம் இல்லை. களைத்துப்போன குரல்.

புறப்படும்போது ஒரு பையில் கேரட் போட்டுக் கொடுத்தாள். "அம்மாவுக்குக் குடு." ஜீவராணி, "மறுபடி வரட்டுமா?" என்று கேட்டாள். பிரியந்தி யோசித்தாள்.

"இப்ப வேணாம். ஒன்னப் பாத்தா எனக்கு அந்த நாள் ஞாபகம் வருது. அது போகட்டும். போச்சுன்னா நானே போன் போடுறேன்."

ஜீவராணி அடுத்த மாதம் கம்பியூட்டரைக் கடையின் பின்னறைக்கு மாற்றினாள். மைக்கை இன்சாப்பிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்போது அவள் நேரலை போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸை ஓட்டிப் பழைய மைக்கிலேயே பதிந்து, ஒரு வார்த்தை விடாமல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டுவிட்டுத்தான் ஏற்றுகிறாள். பார்க்கிறவர்கள் குறைந்துபோனார்கள். பழைய மாதிரி இல்லை என்கிறார்கள். பிரியந்தியிடமிருந்து இன்னும் போன் வரவில்லை.